கடற்கரை மணலில் புழு எண்ணுவது எப்படி: மலையகத்திலிருந்து இறங்கிப் போகிறவர்களுக்கு முழுமையான வழிகாட்டி

பதுளைப் பக்கத்து உயர்தர மாணவர்களோடு வான் பிடித்து மூன்று தடவை இலங்கையின் கிழக்குக் கரையிலுள்ள கல்குடா, பாசிக்குடாப் பக்கம் போய் மணலில் புழு எண்ணிவிட்டு வந்திருக்கிறேன். முதல் தடவை கொண்டு வந்த கணக்கு முழுவதும் குப்பைக்குப் போனது. இரண்டாம் தடவை பாதி தேறியது. எங்கே சறுக்கினோம் என்று உட்கார்ந்து பார்த்தால், அநேகமாகக் கடற்கரையில் இல்லை, வான் ஏறுவதற்கு முன்னாலேயே சறுக்கியிருக்கிறோம். அதனால் இதில் பாதி ஊரில் இருந்தே செய்ய வேண்டிய வேலை.

இங்கே புழு என்று சொல்வது பொலிகீற்றா வகுப்பை. மண்புழுவும், மழைக்காலத்தில் நம் காலில் ஏறுகிற அட்டையும், இந்தக் கடற்புழுவும் அனெலிடா என்ற ஒரே கூட்டம். மலையகப் பிள்ளைகளுக்கு முதல் இரண்டையும் அறிமுகப்படுத்தத் தேவையில்லை, மூன்றாவதைத்தான் தேடிப் போகிறோம்.

1. கேள்வியை முதலில் எழுதி வையுங்கள்

"என்ன புழு இருக்கிறது", "எத்தனை இருக்கிறது", "கூடுகிறதா குறைகிறதா" என்பவை மூன்று வேறு வேலைகள். முதலாவதற்குக் கரை முழுக்கச் சுற்றித் தேட வேண்டும். இரண்டாவதற்கு ஒழுங்காகக் கோடு போட்டு மண் எடுக்க வேண்டும். மூன்றாவதற்கு அதே கோட்டுக்குத் திரும்பத் திரும்பப் போக வேண்டும். புதிதாக வருகிறவர்கள் முதல் வேலையைச் செய்துவிட்டு மூன்றாவதற்கான முடிவை எழுதுவார்கள். ஒரு நாள் பயணம் என்றால் இரண்டாவதோடு நில்லுங்கள்.

இன்னொன்றையும் மனதில் வையுங்கள். நிறையப் பொலிகீற்றா இனங்களின் குடம்பிகள் கொஞ்ச காலம் கடலில் மிதந்து திரிந்துவிட்டுத்தான் மணலில் இறங்கும். ஆகவே இந்தக் கரையில் இருக்கிற குஞ்சுகள் இந்தக் கரைத் தாய்ப்புழுக்கள் போட்டவை என்று சொல்ல முடியாது. தோட்டத்து மண்புழுவுக்குப் போடுகிற பிறப்பு இறப்புக் கணக்கை அப்படியே இங்கே போட்டால் பிழையாகும்.

2. நாளையும் கரையையும் தெரிவு செய்வது

காற்றைப் பாருங்கள். மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவக்காற்று மேற்கு, தெற்குக் கரைகளைப் புரட்டி எடுக்கும், டிசம்பர் முதல் பெப்ரவரி வரை வடகீழ்ப் பருவக்காற்று கிழக்குக் கரையை. ஆகஸ்ட் விடுமுறை என்றால் கிழக்கு, டிசம்பர் விடுமுறை என்றால் மேற்கு. நுவரெலியா, வெலிமடை, பதுளை வழியாக வருகிற ஏ5 வீதியே கீழே இறங்கிச் செங்கலடியில் முடிகிறது, அங்கிருந்து வடக்கே திரும்பினால் வாழைச்சேனை, கல்குடா. எங்களுக்குக் கிழக்கு வசதி என்பதால் நான் எப்போதும் அந்தப் பக்கம்தான்.

அடுத்தது வற்றுப்பெருக்கு. வெளிநாட்டுப் புத்தகங்களில் கடல் நூற்றுக்கணக்கான மீற்றர் பின்வாங்கி ஈர மணல் வெளியாகக் கிடக்கிற படங்களைப் பார்த்துவிட்டு அப்படி எதிர்பார்க்காதீர்கள். நம் நாட்டில் உயர்நீருக்கும் தாழ்நீருக்கும் உள்ள வித்தியாசம் பௌர்ணமி, அமாவாசை நாட்களில்கூட ஒரு மீற்றரை எட்டாது. அதனால் புழு இருக்கிற பட்டை ஒடுங்கியது, அதைத் தவறவிட்டால் வெறும் மணல்தான் மிஞ்சும். பௌர்ணமிப் போயாவும் அதற்கு அடுத்த ஓரிரு நாட்களும் நல்லது, அப்போதுதான் நீர் ஆகக் கீழே இறங்கும், லீவும் கிடைக்கும். போயா நாளில் பாசிக்குடாவில் சனம் குவியும் என்பதால் நாங்கள் அதிகாலையிலேயே இறங்கிவிடுவோம், இல்லாவிட்டால் கொஞ்சம் தள்ளிப் போவோம். தாழ்நீர் நாளுக்கு இரண்டு தடவை வரும், மறுநாள் ஏறத்தாழ 50 நிமிடம் பிந்தி வரும். நேரத்தை அட்டவணையில் பார்த்துவிட்டு, அதிலிருந்து பின்னோக்கி எண்ணி வான் புறப்படும் நேரத்தைக் குறியுங்கள்.

கரை தட்டையாகவும் மணல் நுண்மையாகவும் இருக்க வேண்டும். செங்குத்தான பெருமணல் கரையில் அலை நேரே வந்து மோதி, மணலைக் கிளறி, வேகமாகத் திரும்பும். உடம்பு மென்மையான புழுவுக்கு அங்கே நிலைக்க இடமில்லை, ஓடுள்ள சின்ன நண்டினங்கள் சமாளித்துக்கொள்ளும். சோதனை எளிது: மணி சீனியை விடப் பெரிதாக இருந்தால் யோசியுங்கள், ஈர மணல் மாவு மாதிரி விரலில் அப்பினால் இறங்குங்கள்.

பாதுகாக்கப்பட்ட பிரதேசத்துக்குள் அனுமதி இல்லாமல் எதையும் எடுக்கக் கூடாது. வெளியே என்றாலும், பாடசாலைக் கடிதம் ஒன்றோடு போய் அந்த ஊர்க் கிராம சேவகரிடமும் மீன் வாடிக்காரர்களிடமும் சொல்லிவிட்டுத் தொடங்குங்கள். மண் தோண்டுகிற பத்துப் பிள்ளைகளைப் பார்த்தால் யாரும் கேட்பார்கள்தானே.

3. சாமான்களை ஊரிலேயே செய்து முடியுங்கள்

மண் எடுக்கிற குழாய்தான் முக்கியம். ஹாட்வெயார் கடையில் நாலு இஞ்சி பிவிசி குழாய் ஒரு துண்டு வாங்கி 30 செ.மீ நீளத்துக்கு வெட்டி, கீழ் விளிம்பை அரத்தால் கூராக்குங்கள். வெளிப்பக்கம் 20 செ.மீ உயரத்தில் அழியாத கோடு ஒன்று. மேல் வாயில் மூடி ஒட்டி, மூடியில் பெருவிரல் அடைக்கிற அளவுக்கு ஒரு துளை. குழாயை அமுக்கும்போது துளையால் காற்றுப் போகட்டும், இழுக்கும்போது விரலால் அடையுங்கள். அப்போதுதான் மண் உள்ளே பிடித்துக்கொண்டு வரும். எங்கள் முதல் குழாயில் மூடியே இல்லை, தூக்கத் தூக்க மண் கீழே கொட்டியது.

குழாயின் உள் விட்டத்தை நீங்களே அளவுகோலால் அளங்கள், கடையில் சொல்கிற அளவை நம்ப வேண்டாம். சரியாக 10 செ.மீ என்றால் வாயின் பரப்பு 78.5 சதுர செ.மீ. ஒரு சதுர மீற்றருக்கு மாற்ற 127.3 ஆல் பெருக்க வேண்டும். அதாவது குழாயில் நீங்கள் தவறவிடுகிற ஒரே ஒரு புழு, கணக்கில் 127 புழுவாகப் போய் நிற்கும்.

அரிதட்டு அடுத்தது. 1 மி.மீ துளையும் 0.5 மி.மீ துளையும் வேண்டும். பெரிய புழுக்கள் முதலாவதில் நிற்கும், குஞ்சுகள் இரண்டாவதில். தேயிலைத் தொழிற்சாலையில் தூள் சலிக்கிற வலையின் பழைய துண்டு கிடைத்தால் அருமையாக வேலை செய்யும், கேட்டால் சில வேளை தருவார்கள். ஆனால் அங்கே வலையை இலக்கத்தால் சொல்வார்கள், இலக்கம் என்பது ஓர் அங்குலத்தில் எத்தனை துளை என்ற எண்ணிக்கை, துளையின் அகலம் இல்லை. கம்பியின் தடிப்பும் அங்குலத்தில் இடம் பிடிக்கும். அமெரிக்க நியம அரிதட்டில் 18ஆம் இலக்கம் 1 மி.மீ, 35ஆம் இலக்கம் 0.5 மி.மீ. வேறு வலை என்றால் உருப்பெருக்கிக் கண்ணாடிக்குக் கீழே அளவுகோல் வைத்துப் பத்துத் துளையை அளந்து பாருங்கள். துருப்பிடித்த வலை வேண்டவே வேண்டாம், புழுவைக் கிழிக்கும்.

மீதியை விரைவாகச் சொல்லிவிடுகிறேன்: இரண்டு வாளி, வெள்ளைப் பேசின் ஒன்று, கழுவின யோகட் கப் ஐம்பது, மெல்லிய தூரிகை, சாவணம், பத்து மடங்கு உருப்பெருக்கி, 30 மீற்றர் நாடா, நைலோன் கயிறு, குச்சிகள், வெப்பமானி, ரெஜிபோம் பெட்டி, பென்சில். பேனா எடுக்காதீர்கள். சிட்டையைப் பென்சிலால் எழுதிக் கப்புக்கு உள்ளேயே போடுங்கள், வெளியே ஒட்டினது உப்புத் தண்ணீரில் கழன்றுவிடும்.

புழுவை அளக்கப் போகிறீர்கள் என்றால் மக்னீசியம் குளோரைட்டும் வேண்டும். நீரேறிய பளிங்கு என்றால் ஒரு லீற்றர் நல்ல தண்ணீருக்கு 73 கிராம், அதைச் சம அளவு கடல்நீரோடு கலந்தால் புழு கொஞ்ச நேரத்தில் தளர்ந்து நீண்டு கிடக்கும். எண்ண மட்டும்தான் என்றால் அது தேவையில்லை. பிள்ளைகள் கையில் போமலின் கொடுக்காதீர்கள். பாதுகாத்து வைக்க வேண்டிய ஒன்றிரண்டுக்கு 70 வீத எதனோல் போதும்.

4. மண்புழுவில் ஒத்திகை பாருங்கள்

பாடசாலைத் தோட்டத்து மரக்கறிப் பாத்தியில் குழாயைப் பத்துத் தடவை அமுக்கி, மண்புழுவை எண்ணி, சதுர மீற்றருக்கு மாற்றி எழுதிப் பாருங்கள். தேயிலை மலையில் முயல வேண்டாம், கல்லும் வேரும் குழாயை உடைத்துவிடும். இந்த ஒரு மணித்தியால ஒத்திகையில் யாருக்குக் கை பலம், யாருக்குக் கண் கூர்மை, யார் எழுதினால் வாசிக்க முடியும் என்று தெரிந்துவிடும். வேலையை அப்படியே பிரித்துக்கொள்ளுங்கள். எழுதுகிறவர் மண்ணைத் தொடக் கூடாது, இதில் விட்டுக்கொடுக்க வேண்டாம்.

கரையின் சரிவை அளக்க இரண்டு கோலை நட்டுத் தொடுவானத்தோடு கண்ணைப் பொருத்துகிற முறை ஒன்று உண்டு. அதை ஊரில் பழக முடியாது, எந்தப் பக்கம் பார்த்தாலும் மலைதான் நிற்கும். பதிலுக்கு மேசன் பாஸ்மார் தண்ணீர் நிரப்பி மட்டம் பார்க்கிற ஒளிபுகும் குழாயைப் பழகிக்கொள்ளுங்கள், அது இரண்டு இடத்திலும் வேலை செய்யும்.

5. கோடு போடுவது

காய்ந்த பாசியும் சிப்பியும் ஒதுங்கிக் கிடக்கிற வரியிலிருந்து தொடங்கி, நீருக்குச் செங்குத்தாக, முழங்கால் ஆழம் வரை கயிற்றை இழுங்கள். கரை நெடுக இழுக்கக் கூடாது. ஏனென்றால் புழுவின் வாழிடத்தைத் தீர்மானிப்பது மணல் எவ்வளவு நேரம் நனைந்திருக்கிறது என்பது. மேலே காய்ந்த மணல், அதன் கீழே ஈரம் பிடித்து வைக்கிற மணல், அதற்கும் கீழே நீர் கசிந்து வெளியேறுகிற பட்டை, கடைசியில் எப்போதும் நிரம்பிக் கிடக்கிற மணல். கோடு இந்த நான்கையும் வெட்டிப் போக வேண்டும்.

ஒரு கோடு போதாது, குறைந்தது மூன்று போடுங்கள். கரை நெடுக எத்தனையாவது மீற்றரில் போடுவது என்பதைச் சீட்டுக் குலுக்கித் தீர்மானியுங்கள், பிஸ்கட் டின்னில் 1 முதல் 100 வரை எழுதிப் போட்டு எடுத்தால் சரி. "இந்த இடம் நல்லா இருக்கு" என்று கண்ணால் தெரிவு செய்தால் கண்ணுக்குப் பிடித்த இடத்தின் கணக்குத்தான் கிடைக்கும். எல்லாரும் கோட்டின் ஒரே பக்கமாக நடவுங்கள், மிதிபட்ட மண்ணில் புழு ஆழத்துக்கு இறங்கிவிடும்.

6. மண் எடுப்பது

தாழ்நீருக்கு இரண்டு மணித்தியாலம் முன்னாலேயே மேலிருந்து தொடங்கி, நீர் இறங்க இறங்கக் கூடவே இறங்குங்கள். கயிறு நெடுகச் சம இடைவெளியில் குச்சி நட்ட இடங்களைத்தான் மட்டம் என்கிறேன். ஆகக் கீழ் மட்டத்தைச் சரியாகத் தாழ்நீர் நேரத்தில் எடுக்கலாம். கீழிருந்து தொடங்கியவர்கள் மேலே போய்ச் சேர்வதற்குள் பாதிக் குச்சிகளை அலை கொண்டுபோயிருக்கும்.

ஒவ்வொரு மட்டத்திலும் குறைந்தது மூன்று குழாய். துளை தெரிகிற இடத்தைப் பார்த்துக் குத்துகிற பழக்கத்தை எப்படியாவது நிறுத்துங்கள். மேல் மணலில் தெரிகிற பெரிய வளை நண்டுடையது. புழு தள்ளிவிட்ட சுருள் மண் குவியல் தெரிந்தாலும் அதை எண்ணிப் புழுக்கணக்குச் சொல்ல வேண்டாம், ஒரு அலை வந்தால் அழிந்துவிடும் அது.

இங்கே பிள்ளைகள் சோர்ந்துபோகிற கட்டம் ஒன்று வரும். பத்துக் குழாய் எடுத்தால் இப்படி இருக்கும் என்று வையுங்கள்: 0, 0, 0, 1, 0, 7, 5, 0, 0, 2. பூச்சியம் வந்ததை எழுதாமல் விட்டுவிடுவார்கள், "ஒண்டும் இல்லையே சேர், எதுக்கு எழுத?" என்று கேட்பார்கள். எழுத வேண்டும். பூச்சியங்களோடு சராசரி 1.5, அவற்றை விட்டால் 3.75. இரண்டரை மடங்கு புழுவை நீங்களே பெற்றெடுத்துவிட்டீர்கள்.

அதே எண்களின் மாறற்றிறன், அதாவது எண்கள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறுகின்றன என்பதன் அளவு, 6.28. அதைச் சராசரியால் வகுத்தால் 4.2. இது ஒன்றுக்குக் கிட்ட இருந்தால் புழுக்கள் எழுந்தமானமாகச் சிதறிக் கிடக்கின்றன என்று பொருள், ஒன்றை விட நன்றாகக் கூடினால் கும்பலாகக் கிடக்கின்றன. கும்பலாக இருக்கிற இனத்துக்குப் பெரிய குழி ஒன்று தோண்டுவதை விடச் சின்னக் குழாய் பல எடுப்பது நல்லது, பெரிய குழி ஒரு கும்பலில் விழும் அல்லது விழாது, அவ்வளவுதான்.

கீழே கறுப்பு மண் வந்து அழுகின முட்டை நாற்றம் அடித்தால் பயப்பட வேண்டாம். ஒட்சிசன் தீர்ந்துபோன படை அது. எத்தனை செ.மீ ஆழத்தில் தொடங்குகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். நிறையப் புழுக்கள் அதற்கு மேலேதான் இருக்கும்.

7. சலிப்பது

கடல்நீரில் மட்டும் சலியுங்கள். எங்கள் முதல் பயணம் வீணானது இதனால்தான். தங்கின இடத்தில் குழாய்த் தண்ணீர் நன்றாக வந்தது, எல்லாப் பொதியையும் அங்கே கொண்டுபோய்க் கழுவினோம். உப்பில்லாத தண்ணீர் பட்டதும் புழுவின் உடம்புக்குள் நீர் ஏறும், அது வீங்கி, சுருண்டு, துண்டு துண்டாகும். பேசினில் கிடந்தது புழுவா நூலா என்று தெரியவில்லை.

அரிதட்டில் மண்ணைப் போட்டுக் கையால் தேய்க்கவும் கூடாது. நம் பிள்ளைகளுக்கு மா அரிக்கிற பழக்கம், கை தானாகவே தட்டும். அரிதட்டைப் பாதி நீரில் வைத்து மெதுவாகச் சுழற்றுங்கள், மணல் தானே இறங்கும்.

மணல் பருமனாக இருந்து வலையில் நின்றுவிட்டால் வேறு வழி: வாளியில் மண்ணும் கடல்நீரும் போட்டு ஒரு சுழற்றுச் சுழற்றி, மணல் அடங்குவதற்குள் மேல் நீரை அரிதட்டில் ஊற்றுங்கள். புழு இலேசு, நீரோடு வரும், மணல் கீழே தங்கும். இதை ஐந்து தடவை செய்யுங்கள். முதல் இரண்டு மாதிரிகளில் வாளியின் அடியில் தங்கிய மணலையும் பேசினில் பரப்பித் தேடிப் பாருங்கள். அங்கே புழு இருந்தால் உங்கள் சுழற்று போதாது.

8. தலையை எண்ணுங்கள்

கடற்புழு இலகுவில் அறும். பயந்தால் தானாகவே வாலைக் கழற்றிவிடுகிற இனங்களும் உண்டு. பேசினில் பன்னிரண்டு துண்டு கிடந்தால் பன்னிரண்டு புழு இல்லை. தலை எத்தனை இருக்கிறதோ அத்தனை புழு. வால் துண்டுகளை வேறு கப்பில் போட்டு "துண்டு" என்று மட்டும் எழுதுங்கள். இரண்டாவது பயணத்தில் ஒரு குழு 41 என்று கொண்டு வந்தது, தலையை எண்ணச் சொன்னதும் 17 ஆனது.

இதே காரணத்தால் நீளத்தை அளந்து வயதை மட்டிடவும் வேண்டாம். வால் இல்லாத புழுவுக்கு நீளம் ஏது? தலையிலிருந்து எண்ணி முள்மயிருள்ள ஐந்தாவது வளையத்தின் அகலத்தை அளங்கள், அறுந்த புழுவிலும் அது மிஞ்சியிருக்கும். எல்லாப் புழுவிலும் அதே வளையம். அகலங்களை நிரல் வரைபடமாகப் போட்டால், இரண்டு திமில் தெரிந்தால் அநேகமாக இரண்டு தலைமுறை கலந்திருக்கிறது. சின்னத் திமில் 0.5 மி.மீ அரிதட்டில்தான் பிடிபடும், அதைக் கொண்டுபோகாதவர்களுக்கு அந்தக் கரையில் குஞ்சே இல்லாத மாதிரித் தெரியும்.

9. எது எந்தக் குடும்பம்

இனம் வரை போக வேண்டாம், குடும்பத்தோடு நில்லுங்கள். முதலில் பொலிகீற்றாதானா என்று பாருங்கள்: வளையமும் பக்கத்து முள்மயிரும் வேண்டும். வளையமே இல்லாமல், இறப்பர் மாதிரி இழுபட்டு வழுவழு என்று இருப்பது நெமேர்ட்டியப் புழு, அது வேறு கூட்டம்.

தலையில் நீண்ட இரண்டு உணர்கொம்பு இருந்தால் ஸ்பையோனிடே. தலை கூம்பி ஊசி மாதிரி இருந்து, தொட்டால் தடித்த தும்பிக்கையை வெளியே எறிந்து அதன் நுனியில் நான்கு கறுப்புத் தாடை காட்டினால் கிளிசெரிடே, அது கடிக்கும், சாவணத்தால் பிடியுங்கள். சிப்பித் துண்டும் குப்பையும் ஒட்டிய குழாயில் குடியிருப்பது ஓனுபிடே. பாசிக்குடாப் பக்கம் முருகைக்கல் துண்டு கிடக்கிற இடத்தில் வெள்ளைப் பஞ்சு மாதிரி முள்மயிர் சிலிர்த்து நிற்கிற புழுவைக் கண்டால் வெறுங்கையால் தொடவே வேண்டாம். அது நெருப்புப்புழு, முள் தோலுக்குள் உடைந்து எரியும்.

எண்ணி முடிந்ததும் உயிரோடு இருப்பவற்றை எடுத்த மட்டத்திலேயே ஈர மணலில் விடுங்கள்.

10. கணக்கு: சதுர மீற்றரோடு நிற்காதீர்கள்

பத்தில் எட்டுச் செயற்றிட்டங்கள் இங்கேதான் கவிழ்கின்றன என்று நினைக்கிறேன். ஒரு கோட்டில் ஐந்து மட்டம், இடைவெளி 3 மீற்றர், குழாய்க்குச் சராசரி 0, 0, 1, 3, 2 புழு என்று வையுங்கள். ஐந்தின் சராசரி 1.2, சதுர மீற்றருக்கு ஏறத்தாழ 153.

அடுத்த முறை போகிறீர்கள். கடல் கரையை அரித்து, பட்டை பாதியாக ஒடுங்கிவிட்டது. மட்ட இடைவெளி இப்போது 1.5 மீற்றர். குழாய்க்கு 0, 0, 2, 6, 4. சதுர மீற்றருக்கு ஏறத்தாழ 306. புழு இரட்டித்துவிட்டது என்று எழுதுவீர்கள்.

இல்லை. இடம் குறைந்ததால் அதே புழுக்கள் நெருங்கி உட்கார்ந்திருக்கின்றன. எப்படித் தெரியும்? கரையில் 1 மீற்றர் அகலத்துக்கு, மேல் வரியிலிருந்து நீர் வரை ஒரு நாடா விரித்ததாக நினையுங்கள், அந்த நாடாவுக்குள் மொத்தம் எத்தனை புழு என்று கேளுங்கள். அடுத்தடுத்த இரண்டு மட்டங்களின் அடர்த்தியைச் சராசரியாக்கி, இடையிலுள்ள தூரத்தால் பெருக்கி, எல்லாவற்றையும் கூட்ட வேண்டும். குழாய் எண்ணிக்கையில் முதல் பயணத்துக்கு 0 + 0.5 + 2 + 2.5 = 5. அதை 127.3 ஆலும் 3 ஆலும் பெருக்கினால் ஏறத்தாழ 1,910. இரண்டாம் பயணத்துக்கு 0 + 1 + 4 + 5 = 10. அதை 127.3 ஆலும் 1.5 ஆலும் பெருக்கினாலும் அதே 1,910.

நம் லயத்துக் காம்பராவில் திருவிழாவுக்குச் சொந்தக்காரர் வந்து பத்துப் பேர் படுத்தால் குடும்பம் பெருகிவிட்டது என்றா சொல்கிறோம்? இரண்டு எண்ணையும் எழுதுங்கள். அடர்த்தி, புழு எவ்வளவு நெருக்கத்தில் வாழ்கிறது என்பதைச் சொல்லும், நாடாக் கணக்குத்தான் குடித்தொகை.

11. இரண்டாம் முறை போகும்போது

அதே கோடு, அதே சந்திரநிலை, அதே குழாய், அதே அரிதட்டு. ஒன்று மாறினாலும் ஒப்பிட முடியாது. மாதா மாதம் மலையிலிருந்து இறங்கி வருவது நடக்காத காரியம், அதனால் பருவக்காற்றுக்கு முன் ஒன்று, பின் ஒன்று என்று வையுங்கள். அந்த இரண்டு புள்ளியை வைத்துக் "குறைந்து வருகிறது" என்று எழுதாதீர்கள், "இந்த நாளை விட அந்த நாள் குறைவு" என்று மட்டும் எழுதலாம். கடும் அலைக்குப் பிறகு போனால் புழு செத்ததா, ஆழத்துக்கு இறங்கியதா, அலை அள்ளிக்கொண்டு போனதா என்று ஒரு நாள் மண்ணைப் பார்த்துச் சொல்ல முடியாது.

கோட்டின் தலைப்பை அடையாளம் வைக்கத் தென்னை மரத்தை நம்பாதீர்கள். நாங்கள் வைத்த மரம் அடுத்த முறை கடலுக்குள் சாய்ந்து கிடந்தது. வலை பின்னிக்கொண்டிருந்த அண்ணன் ஒருவர் சிரித்துவிட்டு, "தம்பி, அந்தக் கிணத்துக் கட்டப் பாத்து வையுங்க, அது எங்கயும் போகாது" என்றார். இப்போது அந்தக் கிணற்றுக் கட்டிலிருந்துதான் நாடாவைப் பிடிக்கிறோம்.